காற்றுணரியில் ஒரு பொட்டு

காய்ச்சல் என்று போனால், நாமக்கல் டாக்டர்கள் நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்பே ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிடுவார்கள். பாதம் மரத்துப்போனால் டயரில் காற்று குறைவு. தொண்டை வறண்டால் ஆயில் பார்க்க வேண்டும். மெய்யிணை வந்த ஆறு வருடத்தில் ஊரே இப்படிப் பழகியிருந்தது.

மெய்யிணை என்பது பிடரியில் தோலுக்கடியில் பதிக்கும் பொத்தான். பாக்கு அளவுதான் இருக்கும். வண்டியின் இருபத்திரண்டு உணரிகளும் சொல்வதை ஓட்டுநரின் நரம்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எஞ்சினுக்கு வந்தது ஓட்டுநருக்கும் வரும். இந்த வினையைத் தேடிக்கொண்டது நாமேதான். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் எஞ்சினைப் பார்க்காமல், விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு ஓட்டுகிற ஆட்கள் அல்லவா நாம்? சொந்த உடம்பின் மேல் எவனும் டேப் ஒட்ட மாட்டான் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். லாரி ஓட்ட மெய்யிணை கட்டாயம் என்று சட்டமும் வந்தது.

முட்டை லாரி ஓட்டும் நல்லசிவத்துக்கு ஆயுத பூஜை முடிந்த மறுநாள் மூச்சு முட்ட ஆரம்பித்தது. படி ஏறினால் முட்டியது, படுத்தால் முட்டியது, சும்மா உட்கார்ந்தாலும் முட்டியது. சர்வீஸ் நிலையத்தில் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தத் தாளை மனுஷன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வண்டி நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு தனக்குத்தானே? லாரியை எடுத்துக்கொண்டு மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினான். யாருக்கும் பிடிபடவில்லை. நாற்பத்தொரு வயதில் சாகப் போகிறோம் என்றே முடிவு கட்டினான். மனைவி பூங்கொடியிடம் பீரோ சாவி இருக்கும் இடத்திலிருந்து மகளுக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்பது வரை சொல்லி வைத்துவிட்டான்.

இதில் நடந்த ஒரே நல்லது, அண்ணன் துரைசாமி வீட்டுக்கு வந்தது. ஒன்பது வருடம் முன்னால், நல்லசிவத்தின் மகள் காதுகுத்துப் பத்திரிகையில் துரைசாமியின் பெயர் மச்சான் பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. அவரும் லாரிக்காரர்தான். ரோட்டில் எதிரெதிரே வந்தால்கூட இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். தம்பி படுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஓடிவந்தார். ஞாயிறு தவறாமல் நாட்டுக்கோழி ரசத்தோடு வந்து, கட்டிலருகே உட்கார்ந்து, லாரியைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் சாயங்காலம் வரை பேசிவிட்டுப் போனார்.

கடைசியாக நல்லசிவமும் பூங்கொடியும் கோயம்புத்தூரில் ஒரு பெரிய டாக்டரைப் பார்க்கப் போனார்கள். லாரி ஓட்டத் தெம்பில்லை என்பதால் பஸ்ஸில் போனார்கள். ஊரைத் தாண்டும்போதே நல்லசிவத்துக்கு மூச்சு சீராகிவிட்டது. குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்த டாக்டர், இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு பலூன் கடை நடத்தலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஊர் திரும்பினார்கள். தெருமுனை மாவு மில்லைத் தாண்டினார்கள். வீட்டு வாசலில் லாரி நின்றது. நல்லசிவம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

பூங்கொடி புருஷனைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்து டீக்கடை வரை திரும்ப இழுத்துப் போனாள். மூச்சு வந்தது. மறுபடி மாவு மில்லைத் தாண்டிக் கூட்டிவந்தாள். முட்டியது. மெய்யிணை எட்டும் தூரம் நூறு மீட்டர். மூன்றாவது முறை நடக்கவிட்டபோது, புருஷன் பெண்டாட்டிக்கு இது என்ன வேண்டுதலோ என்று டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. எஞ்சினுக்கும் ஒண்ணுமில்ல. நடுவுல சேதி சொல்றவனுக்குத்தான் சீக்கு," என்றாள்.

எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து சொல்வது காற்றுணரி. அத்தனை பேரும் எஞ்சினைச் சோதித்தார்களே தவிர, உணரியைச் சோதிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சர்வீஸ் நிலையத்தைக் கேட்டால் பதினொரு நாள் கழித்து வரச் சொன்னார்கள். பூங்கொடி துரைசாமிக்குப் போன் போட்டாள்.

நல்லசிவம் கிட்டே வரக்கூடாது. உணரியைக் கழற்றியதும் காற்றே இல்லை என்று மெய்யிணை எடுத்துக்கொண்டால் மூச்சே நின்றுவிடலாம். அதனால் சொந்த லாரிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே வைத்தியம் பார்த்தான். வடிகட்டிப் பெட்டிக்குப் பின்னால் தடித்த குழாய், அதில் இரண்டு திருகு, ஒரு பிளக். துரைசாமி திருகைக் கழற்றி, பிளக்கை உருவி, உணரியை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"டேய், ஆயுத பூஜைக்கு இதுக்குள்ளயுமா பொட்டு வெச்ச?"

வைத்திருந்தான். லாரி மூச்சு விடுகிற இடமாச்சே, விடலாமா என்று குழாயைத் திறந்து, கையை உள்ளே விட்டு, பக்தியாகச் சந்தனத்தை அப்பியிருந்தான். தலைமயிரைவிட மெல்லிய இரண்டு கம்பிகள் அதற்குள் புதைந்து காய்ந்து கிடந்தன.

கம்பியை விரலால் தொடாதே, துணியால் துடைக்காதே என்று நல்லசிவம் டீக்கடையிலிருந்து கத்தினான். உணரிக்கென்றே விற்கும் ஸ்பிரே துரைசாமியிடம் இருந்தது. தள்ளிப் பிடித்து அடிக்க அடிக்க, சந்தனம் மஞ்சளாகக் கரைந்து சொட்டியது. கால் மணி நேரம் காயவிட்டு, இருந்தபடி மாட்டித் திருகை முறுக்கினார். வரச் சொன்னார்.

நல்லசிவம் மாவு மில் வரை வந்து நின்றுவிட்டான். இதுவும் இல்லை என்றால் இனி நம்புவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பத்து அடி வைத்தான். அப்புறம் இருபது. முழங்கால் பம்பரில் இடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தான். நெஞ்சு நிறையக் காற்று இருந்தது. அப்பாடா! சாகப் போவதில்லை என்ற சந்தோஷத்தில் தெருவிலேயே உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டான். பூங்கொடி அழுதாள். துரைசாமி லாரியில் சாய்ந்துகொண்டு அவளைவிடச் சத்தமாக அழுதார்.

அடுத்த ஞாயிறு துரைசாமி வந்தார். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. தம்பிதான் தேறிவிட்டானே, இனி என்ன சாக்கில் போவது? பத்திரிகையில் பெயர் கீழே போனது போனதுதானே? நல்லசிவத்துக்கும், உடம்பு நன்றாக இருக்கும்போது அண்ணனைக் கூப்பிட வாய் வரவில்லை. ரோட்டில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள்.

மறு வருடம் ஆயுத பூஜைக்கு லாரி முழுக்கப் பொட்டு வைத்த பிறகும், நல்லசிவம் சந்தனக் கிண்ணத்தோடு பானெட்டுக்கு எதிரே வெகுநேரம் நின்றான். பூங்கொடி வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அண்ணி போன் செய்தாள்.

"தம்பி, உங்கண்ணனுக்கு நேத்துல இருந்து மூச்சு முட்டுதுங்க. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறார். உங்களைத்தான் கூப்பிடச் சொல்றார்."

நல்லசிவம் ஸ்பிரேயை எடுத்துக்கொண்டு பறந்தான். அண்ணனை ஆட்டோவில் ஏற்றி நூறு மீட்டருக்கு அப்பால் அனுப்பிவிட்டு, அவர் லாரியின் குழாயைத் திறந்து உணரியை எடுத்தான். சந்தனம் அப்பியிருக்கவில்லை. வட்டமாக, ஓரம் பிசகாமல், நடுவில் குங்குமத்தோடு ஒரு பொட்டு. கம்பிகள் இரண்டும் சரியாக அதற்கடியில் இருந்தன. அங்கே சந்தனம் பட்டால் என்ன ஆகும் என்று தன் கையாலேயே கழுவிப் பார்த்த மனுஷன் வைத்த பொட்டு அது. சொந்த உடம்பின் மேல் எவனும் டேப் ஒட்ட மாட்டான் என்று கணக்குப் போட்ட பொறியாளர்களுக்கு அண்ணன் தம்பிகளைத் தெரியவில்லை.

கழுவி, காயவைத்து, மாட்டினான். துரைசாமி மூச்சு வாங்காமல் நடந்துவந்து, தம்பியைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன கோளாறு என்று அண்ணி கேட்டாள்.

"தூசிங்க அண்ணி. இதை அப்படியே விட்டா மறுபடி வரும். ஞாயித்துக்கெழமையானா நானே வந்து பாத்துட்டுப் போறேன்."

துரைசாமி டயரைப் பார்த்தபடியே சொன்னார். "கோழி ரசம் வெக்கச் சொல்றேன்."