விண்கலத்துக் கதவைத் தட்டியவர்

ஞாயிறு மதியம், மும்பை தாராவியில் எங்கள் ஊர்ச் சங்கக் கட்டடத்தின் இரும்பு ஏணிப்படியில் நானும் என் மனைவி கலைச்செல்வியும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். பெட்டிக்குள் வி.ஆர். கண்ணாடிகள். தலையில் மாட்டினால் விண்வெளிக்கே போய் வந்த மாதிரி இருக்கும். மூடிப்போன ஒரு ஷாப்பிங் மாலில் கிடந்தவை, சல்லிசாகக் கிடைத்தன. மாலையில் ஊர்க்காரர்களுக்குக் காட்சி. ராக்கெட்டே நான்தான் விடுகிறேன் என்கிற கெத்து எனக்கு.

முதலில் அவளை உட்காரவைத்து, ஒன்றை மாட்டிவிட்டுச் சோதித்தேன். ஜன்னல்களைச் சாத்தியதும் மாடி முழுக்கப் பழைய பாய் வாடை. அவள் பார்ப்பதெல்லாம் என் செல்போனிலும் தெரிந்தது. விண்கலத்தின் வட்டக் கதவு, அதன் கண்ணாடிக்கு அப்பால் கும்மிருட்டு, கீழே நீலமாகப் பூமி.

"ஏங்க, வெளிய ஒரு ஆளு நிக்காரு. கதவத் தட்டுதாரு."

என் திரையில் யாரும் இல்லை.

"அங்க காத்தே கெடையாதுட்டி. எவன் வந்து நிப்பான்?" என்று சிரித்தேன்.

கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவரைக்கூட வாசலில் நிற்க விடமாட்டாள் அவள். அந்தப் பழக்கம்தான் எங்களைக் கெடுத்தது.

"வாங்க, உள்ள வாங்க," என்றாள்.

செல்போன் அணைந்தது.

கருகிய இரும்பு வாடை அடித்தது. அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த சுழல் நாற்காலி மெதுவாகத் திரும்பி, என்னைப் பார்த்து நின்றது.

"கலை, அதக் கழட்டு."

"சத்தம் போடாதீங்க," அவள் கிசுகிசுத்தாள். "ரெண்டு பேருக்குத்தான் எடமாம். ஒங்கள வெளிய போவச் சொல்லுதாரு."

அவள் தலையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கினேன். விரல் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

பதினெட்டு வருஷம் என்னோடு வாழ்ந்தவள், என்னைத் தாண்டி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போவமாங்க?"

எழுந்து போனாள். ஏணிப்படியில் இரண்டு பேர் இறங்கும் சத்தம் கேட்டது.

நான் இறங்கிப் பார்த்தபோது சந்தில் அவளைக் காணோம். அவளை விட்டால் இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? சந்து சந்தாக ஓடி வீட்டை அடைந்தேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். அவள் பெயரைச் சொல்லி அழுதேன்.

உள்ளே கலைச்செல்வியின் குரல்.

"ஏங்க, வெளிய ஒரு ஆளு நிக்காரு. கதவத் தட்டுதாரு."

"தெறக்காதட்டி," என்றது ஓர் ஆண் குரல்.

அது என் குரல்.