பின்னாலிருந்து ஒரு பதில்

புதுச்சாலை வந்த பிறகு அந்த மலைப்பாதையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். விடிந்தும் விடியாத வேளையில் அங்கே ஒரு வேன் வந்து நின்றது. மூன்று பேர் சைக்கிள்களை இறக்கினார்கள். ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடை. பத்தடிக்கு அப்பால் வெறும் பனி.

ஒருத்தி நர்ஸ். இன்னொருவன் அவள் அண்ணன், உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவன். மூன்றாமவர் அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். அவர் உடம்பைப் பார்த்து அண்ணன் சூட்டிய பெயர் மூட்டை. மனுஷர் அதையும் சிரித்தபடியே சுமந்தார். குழந்தைகள் வார்டுக்கு நன்கொடை திரட்ட அடுத்த மாதம் ஒரு நெடுந்தூரச் சைக்கிள் பயணம். அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

பனியில் ஆள் தெரியாது என்பதால் அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். முன்னால் போகிறவன் "இருக்கியா?" என்று கத்துவான். கடைசியில் வருகிறவர் "இருக்கேன்" என்று கத்த வேண்டும். குரல் வந்தால் போதும், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

வழியில் ஒரு பழைய பாலம். அதைத் தாண்டுவதற்குள் மூட்டைக்கு மூச்சு வாங்கியது.

"மாஸ்டர், நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. கொஞ்சம் நின்னுட்டுப் போலாமா?"

"ராத்திரி உள்ள தள்ளினது அடைக்குதுய்யா. மிதி, இறங்கிடும்."

நர்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் உறுத்தியது.

"அண்ணா, அவர் முகமே சரியில்ல. நில்லேன்."

"நின்னா உடம்பு ஆறிடும். நீ வா."

அவள் போனாள். யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக உடம்பை வருத்தக் கிளம்பியவர்கள்தான். பக்கத்தில் தவிக்கிறவனுக்காக ஒரு காலைத் தரையில் ஊன்ற மனம் வரவில்லை. ஆண்டவன் நம்மிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ, கேட்டது நம் காதில் விழுவதே இல்லை.

ஏற ஏறப் பனி கெட்டியானது.

"இருக்கியா?"

"இருக்கேன்."

ஒவ்வொரு வளைவிலும் பதில் தப்பாமல் வந்தது.

"பாத்தியா, மூட்டை தேறிட்டான்!" என்றான் அண்ணன்.

நர்ஸுக்கு ஏதோ பிடிபடவில்லை. அந்த ஏற்றத்தில் அவளுக்கே பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது. பின்னால் வந்த குரலில் இரைப்பே இல்லை. சைக்கிள் சங்கிலியின் சத்தமும் இல்லை.

அது காதுக்கு வெகு பக்கத்தில் கேட்டது.

உச்சியில் நின்று திரும்பினார்கள். பின்னால் யாரும் இல்லை.

இறங்கி வந்து பார்த்தால், மூட்டை பாலத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. சைக்கிளைப் பதனமாக நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் தண்ணீர்ப் பாட்டில். அதன் மூடியைத் திருகும் தெம்புகூட இருந்திருக்காது. அவர் கழுத்தில் அவள் விரல் வைத்தாள். சில்லிட்டிருந்தது. யாராவது கூட நின்றிருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம். அவளுக்கு அது தெரியும். அது அவள் தொழில்.

அண்ணன் அசரவில்லை. மூட்டையின் படத்தைச் சட்டை முதுகில் அச்சடித்துக்கொண்டான். "அவன் நினைவா ஓட்டுவோம். நாம நிறுத்திட்டா அவனுக்குத்தான் அவமானம்" என்றான். பதினாறாம் நாள் அதே பாதை. அவனைத் தனியே விடப் பயந்து அவளும் வந்தாள்.

பாலத்தில் இறங்கிக்கொண்டாள். "அவருக்காக ரெண்டு வார்த்தை வேண்டிக்கிட்டு வரேன். நீயும் நில்லுண்ணா."

"எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ" என்று சொல்லிவிட்டு அவன் பனிக்குள் போய்விட்டான்.

அவள் கண்ணை மூடினாள். மேலேயிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

"இருக்கியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பதில் போய்விட்டது.

"இருக்கேண்ணா."

அவள் குரல்.

"அண்ணா! அது நான் இல்ல! நில்லு!"

பனி அதை விழுங்கிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு விழுந்தடித்து மேலே போனாள். மேலே, ஒவ்வொரு வளைவிலும், அவள் குரல் சிரித்துக்கொண்டே அவனைத் துரத்தியது.

"இன்னும் வேகமாண்ணா."

"முடியலம்மா… நெஞ்சு…"

"மிதிண்ணா. இறங்கிடும்."

பிறகு சைக்கிள் சரியும் ஓசை.

சாலையோரப் புல்லில் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. நாடி நூலிழையாய் ஓடிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை. தலையை மடியில் தாங்கிக்கொண்டு, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள்.

தெய்வம் கேட்டதுபோல, கீழேயிருந்து ஒரு லாரி முனகிக்கொண்டு வந்தது. மஞ்சள் வெளிச்சம் பனியில் கலங்கி நின்றது.

"யாரும்மா அங்க? ஏதாச்சும் உதவி வேணுமா?"

முகம் தெரியாத டிரைவரின் குரலில் அவ்வளவு கனிவு. அவள் வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. எழுந்து ஓடப் பார்த்தாள். இரண்டு தோள்களிலும் ஏதோ கனமாக, குளிர்ச்சியாக அழுத்தியது.

"ஒண்ணும் இல்லண்ணே" என்றது அவள் குரல், பின்னாலிருந்து. "சும்மா இளைப்பாறுறோம். நீங்க கிளம்புங்க."

"சரிம்மா. பத்திரம்."

கியர் விழுந்தது. சிவப்பு விளக்குகள் பனியில் கரைந்தன.

விரலடியில் நாடி நின்றது.

அவள் முதுகுக்குப் பின்னால், லாரி போன திசையைப் பார்த்து, அவள் குரல் வாய் நிறைய வாழ்த்தியது.

"நல்லா இருங்கண்ணே!"