பாலத்தின் மறுமுனை

உணர்பாலத்தின் வில்லையைக் காதுக்குப் பின்னால் ஒட்டிய மறுகணமே எப்சிபாவின் தலைக்குள் யாரோ தகரத்தை அறுக்கத் தொடங்கினார்கள்.

இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். சத்தம் குறையவில்லை. அது அவள் காது வழியாக வரவே இல்லை. வகுப்பறை மூலையில், பெஞ்சுக்கு அடியில் சுருண்டு கிடந்து வீறிட்டுக்கொண்டிருந்த ஜெனிட்டாவின் காது வழியாக வந்துகொண்டிருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை, பேச்சு இல்லை. பொட்டு அளவே இருந்த இன்னொரு வில்லையை, அவள் தூங்கும்போது அவளுடைய அம்மா காதுக்குப் பின்னால் ஒட்டி அனுப்பியிருந்தாள்.

எப்சிபா அண்ணாந்து பார்த்தாள். தகரத்தை அறுப்பது மின்விசிறி. ஓடிப்போய் அதை நிறுத்தினாள். ஓடியதில் கண்ணாடி வளையல்கள் குலுங்கின. தலைக்குள் சோடா பாட்டில்கள் உடைந்தன. புது வேலைக்கென்று ஆசையாக வாங்கிப் போட்ட வளையல்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் போட்டாள். கஞ்சி போட்ட சேலை மொரமொரத்தது. அதற்கு என்ன செய்ய முடியும்? தரையில் உட்கார்ந்து, வியர்வை வழிய, அசையாமல் இருந்தாள்.

வீறிடல் நின்றது. பெஞ்சுக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன.

"இம்புட்டுதானா தாயி?" என்றாள் எப்சிபா, உதடு மட்டும் அசைய. "இதத்தான் இத்தன வருஷமா கத்திக் கத்திச் சொல்லிட்டு இருந்தியா?"

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவள் எப்சிபா. கிரேன்கள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்ட பிறகு அவளைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. அதே நேரத்தில் சிறப்புப் பிள்ளைகளின் வகுப்புகள் ஆசிரியர் இல்லாமல் கிடந்தன. எந்த இயந்திரத்தாலும் அந்த வேலையைச் செய்ய முடியவில்லை. எப்சிபாவைப் போல ஆசிரியர் படிப்பை முடித்துவிட்டு நிலைச்சான்றுக்காகக் காத்திருப்பவர்களுக்குக் கல்வி வாரியம் தற்காலிகமான இடைச்சான்று கொடுத்து, கையோடு ஓர் உணர்பாலத்தையும் கொடுத்து அனுப்பியது. பிள்ளையின் காதும் தோலும் நாக்கும் உணர்வதை ஆசிரியரும் அப்படியே உணரலாம். அனுபவத்தில் உள்ள குறையைப் பாலம் நிரப்பும் என்பது கணக்கு.

பாலம் இன்னொரு வேலையும் செய்தது. ஒரு பிள்ளை தவிப்பதற்கு முன்பே அந்தத் தவிப்பைக் கண்டு நீக்கிவிட்டால், அதைக் குறித்துக்கொள்ளும். அப்படிச் சேரும் புரிதல் அளவு நிறைந்ததும் வாரியத்தின் மதிப்பீட்டுப் பொறி நிலைச்சான்றை வழங்கிவிடும். அதில் மனிதர் கை படாது. சிபாரிசும் செல்லாது.

வகுப்பில் ஐந்து பிள்ளைகள். பாலம் ஒரு பிள்ளையோடுதான் இணையும் என்பதால், யாராலும் சமாளிக்க முடியாதவள் என்று பெயர் வாங்கியிருந்த ஜெனிட்டாவோடு இணைத்திருந்தார்கள். ஆனால் அவளுக்காக விசிறியை மாற்றியதும், கதவுக்கு எண்ணெய் விட்டதும், சுவரின் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தை மங்கலாக்கியதும் மற்ற நான்கு பேருக்கும் சேர்த்தே பயன்பட்டன. சில வாரங்களில் அந்த வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

ஒருநாள் சாயங்காலம் ஜெனிட்டாவை அழைத்துப்போக அவள் அம்மா ரொசாரி வந்தாள். மீன்பிடித் துறைமுகத்தின் ஐஸ் ஆலையில் வேலை. விரல்கள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

"ரொசாரிக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றாள் எப்சிபா. "சோத்துல கருவேப்பிலையும் கடுகும் கிடந்தா இவ துப்பிருதால்லா? அது அவ நாக்குல பிளேடு பட்ட மாதிரி இருக்கு. நான் மத்தியானம் பார்த்தேன். எனக்கே கண்ணுல தண்ணி வந்துட்டு."

ரொசாரி மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"துப்புனான்னு அடிச்சிருக்கேன் டீச்சர். கொழுப்பெடுத்துப் பண்ணுதான்னு நெனச்சேன்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?"

"நீங்கதானே இப்போ சொல்லுதீங்க." ரொசாரி வெளுத்த விரல்களால் எப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பிள்ள பேசுனாக்கூட எனக்கு இம்புட்டு வெளங்கியிருக்காது. நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்."

அன்று வீட்டுக்கு நடந்து போகையில் எப்சிபாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. துறைமுகத்தில் அவள் தூக்கி இறக்கிய எத்தனையோ சரக்குப் பெட்டிகளுக்காக யாரும் அவள் கையைப் பிடித்ததில்லை.

ஆனால் அளவு நிறையவில்லை. முக்கால் பங்கு வரை விறுவிறுவென்று ஏறியது. பிறகு அங்கேயே நின்றுவிட்டது. ஜெனிட்டாவின் காதுக்கும் தோலுக்கும் எது ஆகாது என்று எப்சிபாவுக்குத் தெரிந்தது. ஆனால் ஒன்றும் வலிக்காதபோது, ஒன்றும் இரையாதபோது, அவள் ஜன்னலைப் பார்த்து எதற்காகச் சிரிக்கிறாள், எதற்காகச் சிலநேரம் விரல்களைத் தண்ணீர் போல ஆட்டுகிறாள் என்பது தெரியவில்லை.

பங்குனி பிறந்ததும் வாரியத்திலிருந்து மேற்பார்வையாளர் ஹபீபுல்லா வந்தார். மெலிந்த, நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது தரையைப் பார்ப்பவர்.

"பள்ளிக்கூடம் மூடுறதுக்குள்ள அளவு நிறையணும் டீச்சர். உங்க இடைச்சான்று அதோட முடியுது. அளவு நிறைஞ்ச ஆசிரியர் இல்லாத வகுப்ப அடுத்த வருஷம் நடத்தக் கூடாதுன்னு விதி. பிள்ளைங்கள மாவட்ட விடுதியில சேர்த்துருவாங்க."

"விடுதியில எத்தன பிள்ளைங்க சார் இருக்கும்?"

"நூறுக்கு மேல."

நூறு பிள்ளைகள், நூறு தட்டுகள், சுற்றும் விசிறிகள். எப்சிபா வில்லை ஒட்டாமலே தலைக்குள் தகரம் அறுபடுவதைக் கேட்டாள். செய்தியைக் கேட்ட ரொசாரி, "அங்க விட்டா இவ உசிரோட இருக்க மாட்டா" என்று மட்டும் சொன்னாள். அழக்கூட இல்லை.

அதன்பின் எப்சிபா சிரித்த முகத்தோடுதான் வகுப்புக்கு வந்தாள். பயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது என்று இருந்தாள். போதாக்குறைக்குக் கடைவாய்ப் பல் வேறு வலித்தது. அதையும் வெளிக்காட்டவில்லை. காகித மீன்களை வெட்டி நூலில் கோத்துக்கொண்டிருந்தபோது ஜெனிட்டா எழுந்து போனாள். பானையில் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்தாள். நேராக வந்து எப்சிபாவின் இடது கன்னத்தில், வலி இருந்த அதே இடத்தில், அதை வைத்து அழுத்தினாள்.

கத்தரிக்கோல் எப்சிபாவின் கையிலிருந்து நழுவியது.

தனக்குத் தலைவலி வரும் நாட்களில் ஜெனிட்டா போய் ஜன்னலைச் சாத்தியது நினைவுக்கு வந்தது. தான் தேடத் தொடங்குமுன்பே சாக்பீஸை எடுத்து வந்து நீட்டியது நினைவுக்கு வந்தது. எல்லாம் தற்செயல் என்று நினைத்திருந்தாள். பாலம் ஒருவழிப் பாதை என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது பொய். இந்தப் பக்கத்திலிருந்தும் எல்லாமே போய்க்கொண்டிருந்தது: பல்வலி, படபடப்பு, விடுதியை நினைக்கும்போதெல்லாம் வயிற்றில் விழும் கனம். சிரித்த முகத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்த எல்லாவற்றையும் அவள் இந்தப் பிள்ளையின் தலையில் இறக்கி வைத்திருக்கிறாள்.

அன்றே வில்லையைக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டுவிட்டாள். அளவு நிறைந்தால் நிறையட்டும், இல்லாவிட்டால் போகட்டும். பிள்ளை நிம்மதியாக இருந்தால் போதும்.

பிள்ளை நிம்மதியாக இல்லை. மறுநாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதற்கு அடுத்த நாள் சாப்பிடவும் இல்லை. எப்சிபா பக்கத்தில் போனால், முன்பின் தெரியாத யாரையோ பார்ப்பதுபோல் மிரண்டாள்.

மூன்றாம் நாள் காலை எப்சிபா கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தபோது டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் ஜெனிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குப் பின்னால் ஏறி நின்றிருந்தாள். பிறர் தலைமுடி கையில் பட்டாலே துடித்துப்போகிற பிள்ளை. அவள் எப்சிபாவின் முடியை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் வில்லையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

பாலம் உயிர்பெற்றது. எப்சிபா முதலில் உணர்ந்தது ஓர் இதயத்தை. தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்த அது மெல்ல மெல்ல அடங்கியது. அந்த மூன்று நாளும் ஜெனிட்டாவுக்கு என்ன நடந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் அந்தப் பிள்ளைக்கு மூடிய கதவுகள். சிரித்துக்கொண்டே திடீரென்று கத்துவார்கள். கத்திக்கொண்டே தூக்கிக் கொஞ்சுவார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரியவே தெரியாது. உள்ளே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்த ஒரே பெரிய மனுஷி எப்சிபா. அவளுடைய பயம் ஜெனிட்டாவுக்குப் பாரமாக இருந்ததில்லை. கதவு சாத்தப்பட்டதுதான் பாரமாக இருந்தது.

"இனிமே கழத்த மாட்டேன், தாயி" என்றாள் எப்சிபா. சொல்லி முடிக்கும் முன்பே ஜெனிட்டா நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்விட்டிருந்தாள். அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடம் மூடும் வாரத்தில் ஹபீபுல்லா மறுபடி வந்தார். பிள்ளையை விட வந்த ரொசாரி அவரைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இந்தமுறை அவர் தரையைப் பார்க்கவில்லை. கையில் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வகுப்புல புரிதல் அளவு நிறைஞ்சிருச்சு. பொறி சான்று குடுத்திருச்சு."

"மாதாவே!" என்று ரொசாரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பேரு மட்டும்..." அவர் திரையை எப்சிபாவிடம் நீட்டினார். "நீங்களே பாருங்க."

ரொ. ஜெனிட்டா என்று இருந்தது.

"சார், இது பிள்ளையோட பேரு. தப்பா வந்துருக்கு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். தப்பு இல்ல டீச்சர். 'பாலத்தின் ஒரு முனையில் இருப்பவர் மறுமுனையில் இருப்பவரைப் புரிந்துகொண்டால்'னு விதியில இருக்கு. எந்த முனைன்னு எழுத மறந்துட்டாங்க. பொறி ரெண்டு பக்கத்தையும் அளந்துட்டே வந்திருக்கு. உங்களோடது முக்கால்ல நிக்குது. பிள்ளையோடது போன வாரமே நிறைஞ்சு போச்சு." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இங்க மட்டுமில்ல. காலையிலேருந்து ஆபீஸ்ல போன் ஓயல. எல்லா மாவட்டத்துலயும் பிள்ளைங்கதான் முந்தியிருக்கு."

"ஒம்பது வயசுப் பிள்ளைக்கு எப்படி சார் சான்று?"

"நிலைச்சான்று குடுக்க முடியாதுதான். வயசு வரணும். வர்ற வரைக்கும் காத்திருக்கிறவங்களுக்கு நாம என்ன குடுக்குறோம்?"

"இடைச்சான்று" என்றாள் எப்சிபா. அவளுக்கே தன் குரல் எங்கோ தொலைவில் கேட்டது.

"அதேதான்."

ரொசாரிக்கு இதெல்லாம் விளங்கவில்லை. அவளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "சார், வகுப்ப மூடுதாவளா, இல்லையா?"

"எப்படிம்மா மூடுறது? அளவு நிறைஞ்ச ஆசிரியர் இருக்கிற வகுப்ப யாரும் தொட முடியாது. ஆசிரியருக்கு வயசு பத்தலைன்னா, கூடவே ஒரு பெரியவங்க இருக்கணும்னும் விதி சொல்லுது. அதனால எப்சிபா டீச்சரோட இடைச்சான்றும் நீண்டுருச்சு. உங்க மக பெரியவளாகுற வரைக்கும்."

ரொசாரி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பங்குனியிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை.

எப்சிபா திரையை மேலே தள்ளினாள். சான்றின் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. ஆசிரியரின் பொறுப்பில் உள்ள மாணவர்: எப்சிபா, வயது முப்பத்தெட்டு. முன்னேற்றம்: நன்று. சிறப்புத் தேவை: சொற்களின் துணை இல்லாமல் எதையும் புரிந்துகொள்ள இயலாதவர், பொறுமையுடன் கற்பிக்கப்பட வேண்டும்.

முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே ஜெனிட்டாவைத் திரும்பிப் பார்த்தாள். பல்வலிக்குக் கைக்குட்டை நனைத்த பிள்ளை, முடியைத் தொடப் பல்லைக் கடித்துக்கொண்ட பிள்ளை, தனக்கு இவ்வளவு நாளும் பாடம் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை. எத்தனை பொறுமை அவளுக்கு! ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? சொற்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன.

எப்சிபா வாயைத் திறந்தாள்.

அதற்குள் ஜெனிட்டா பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டிருந்தாள்.