பிர்ச் இலைத் தடங்கள்

கைசுவின் தோளில் பிர்ச் இலைத் தடங்கள் இன்னும் மறையவில்லை. வியாழனன்று சவுனா என்னும் நீராவிக் குளியலறையில், கொதிக்கும் கல்லில் தண்ணீர் சீறி, நீராவியும் பச்சிலை வாசமும் மூச்சை அடைக்க, புருஷன் டார்மோ குளியல் வழக்கப்படி பிர்ச் மர இலைக் கொத்தால் தோளிலும் முதுகிலும் விளாசியபோது விழுந்தவை. எப்போதும் அரை மணியில் போய்விடும். இன்று சனிக்கிழமை.

"எரியுது டார்மோ. காய்ச்சல் வேற."

"பிர்ச் முத்தம் கொடுத்திருக்கு. எனக்கே பொறாமையா இருக்குடி!"

அவன் ஐந்தாவது பியரைத் திறந்தான். கோடைத் திருநாள் அல்லவா, ஏரிக்கரை முழுக்க இதே சத்தம்தான்.

கண்ணாடி முன் சட்டையை விலக்கினாள். மார்பிலும் சிவப்பு. உள்ளங்காலிலும். வாயைத் திறந்தாள். அண்ணமெல்லாம் கொப்புளம். பிர்ச் கொத்து வாய்க்குள் எப்படிப் போகும்?

வலிப்புக்குப் பழைய மாத்திரையோடு புதியதையும் சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. "பழசு இருக்கிறவரை புதுசு உடம்புல தேங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒண்ணுதான். அதிகமானா தோல்லதான் முதல்ல காட்டும்; சின்னப் பொட்டு வந்தாலும் ஓடி வாங்க," என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

நாளுக்கொரு அறை வைத்த மாத்திரைப் பெட்டியை ஒன்பது வருடமாக டார்மோதான் நிரப்புவான். அவள் பார்க்காமல் விழுங்குவாள். இன்று பார்த்தாள். ஒன்றுவிட்டு ஒன்றில் மட்டும் இருக்க வேண்டிய புதிய மாத்திரை எல்லா அறையிலும் கிடந்தது. இரண்டிரண்டாக.

"நீயா போட்டே?"

"வலிப்பு சீக்கிரம் நின்னா உன் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். எத்தனை நாள் நானே உனக்கு டிரைவரா இருக்கிறது?"

பாவி. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"நான் குடிச்சிருக்கேன், நீ ஓட்டக் கூடாது, இங்கே டவரும் கிடையாது. நாளைக்குக் காலையில பார்ப்போம், போய்ப் படு."

சாவியை எடுத்தாள். திருநாளுக்காக வாசலில் கட்டியிருந்த பிர்ச் கிளைகள் கன்னத்தில் உரசின. நெருப்பு பட்டதுபோல் இருந்தது. இமைகள் ஒட்டின. வெயிலில் கிடந்த கார். கொதிக்கும் ஸ்டியரிங். ஆறு கிலோமீட்டர் மண்பாதை, அப்புறம் தார்ச்சாலை, அங்கே டவர் கிடைக்கும். குழி. குலுக்கல். இறுக்கிப் பிடித்தாள். இன்னொரு குழி. இன்னும் இறுக்கமாக. கைக்குள் ஏதோ வழுக்கியது. வியர்வை என்று நினைத்துக்கொண்டாள்.

தார்ச்சாலை. நிறுத்தினாள். போனை எடுக்க வலது கையைத் தூக்கினாள்.

கை வந்தது. உள்ளங்கைத் தோல் வரவில்லை. அது ரேகைகளோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தது.