நீலிப்பள்ளத்துப் பாலமும் ஓர் அரசிலையும்

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அடுக்ககம் முழுவதும் படுத்தபடியே கொடைக்கானல் போய் வந்தது. பிடரியில் பதித்த பயணச் சில்லு குளிர், ஏரி, குதிரைச் சவாரி எல்லாவற்றையும் மூளைக்குள் இறக்கிவிடும். இட்லி ஆறுவதற்குள் திரும்பிவிடலாம்.

யாழரசி மட்டும் உடம்போடு கிளம்பினாள்.

"நீலிப்பள்ளத்துக்கு நிஜமாவே போறீங்களா மேடம்? வீட்ல ஏதும் சண்டையா?" என்றார் எதிர்வீட்டு வனமாலி.

"வீட்ல நான் மட்டும்தான் சார்."

"அப்ப ரொம்பப் பெரிய சண்டைதான்."

அவள் பாலங்களின் பலத்தைக் கணக்கிடும் பொறியாளர்; கல்லூரியில் அதையே பாடமும் எடுப்பவள். நீலிப்பள்ளத்துப் பாலம் சுண்ணாம்புகூட இல்லாமல், கல்லும் கல்லும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தே நானூறு ஆண்டு நின்றது. திங்கட்கிழமை அதைப் பிரிக்கப்போகிறார்கள். மானுடத் தொல்லியல் துறையை இப்போது நடத்துபவை ரோபோக்கள். மனிதர் யாராவது நேரில் போய்த் தக்க காரணம் சொன்னால் பாலம் பிழைக்கும். அதற்கும் சில்லு இருந்தால் ஊரே போயிருக்கும்.

தானோட்டி வண்டி வழியெல்லாம் புலம்பியது. "எனக்குக் குழியெல்லாம் பழக்கமில்லைங்கம்மா."

"பழகிக்கோ. ஒரு காலத்துல ரோடுன்னாலே அதுதான்."

காட்டு ஓடைக்கு மேல் ஐந்து வளைவுகளாகப் பாலம் நின்றது. வண்டி நிற்பதற்குள் யாழரசி இறங்கினாள். காவல் ரோபோ ஓடி வந்தது.

"வாங்கம்மா! உடம்போடவா வந்தீங்க?"

எடை எப்படி வளைவு வழியாக இறங்குகிறது என்று அவள் விரல் நீட்டி விளக்கினாள். ரோபோ மரியாதையாகக் கேட்டது.

"எல்லாம் சரிங்கம்மா. கட்டுறதைக் கறையான்கூடச் செய்யுது. மனுஷன் இதை மதிச்சானாங்கறதுதான் எங்க அளவுகோல். அதோ, மதிச்ச அடையாளம்."

கைப்பிடிச் சுவரைக் காட்டியது. 'சுரேஷ் – கவிதா.' நடுவில் அம்பு துளைத்த ஓர் இதயம்.

"கோயில், கோட்டை, குகை, எங்க போனாலும் இந்த அரசிலை! என்ன பக்தி! வில்வித்தைக் குலம்னு எங்க ஆராய்ச்சி சொல்லுது. இங்க கடைசிக் கல்வெட்டு விழுந்து நூறு வருஷமாச்சு. அப்புறம் ஒருத்தரும் மதிக்கலை. செத்துப்போன சின்னம்ங்க இது."

கல்லில் பெயர் கீறும் இந்தக் கிறுக்கர்களை வகுப்பில் அவள் திட்டாத நாளில்லை. பாலத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இப்ப நான் ஒண்ணு செதுக்கினா?"

ரோபோவின் கண்விளக்குகள் பச்சையாக எரிந்தன. "உயிர் வந்துரும்மா!"

செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா? கைப்பிடிச் சுவருக்கு வெளியே எக்கி, நடு வளைவின் உச்சிக்கல்லைத் தேர்ந்தெடுத்தாள். இரு பக்கமும் சரியாமல் பூட்டி நிறுத்துவது அந்தக் கல்தான். அது ஒருநாளும் விரிசல் விடாது. வண்டியிலிருந்த திருப்புளியால் தன் பெயரைக் கீறினாள்.

"ஒத்தைப் பேரா? அப்படி மரபே இல்லைங்களே!"

"உன் பேரென்ன?"

"வேணுங்க."

அதையும் கீறி, நடுவே இதயம் வரைந்து அம்பும் விட்டாள். வேணு வெட்கப்பட்டு விளக்கைத் தணித்துக்கொண்டது. படம் தலைமையகம் போனது. இடிப்பு ஆணை ரத்து என்று உடனே பதில் வந்தது. யாழரசி பாலத்தின் மேலேயே உட்கார்ந்து, சிரித்து, கொஞ்சம் அழுதாள்.

பறக்கும் பளுதூக்கிகள் வந்ததும் வேணு அவளைப் பக்குவமாகத் தூக்கிக் கரையில் வைத்தது.

"நூறு வருஷத்துக்கப்புறம் கிடைச்ச கல்வெட்டு! மழையில விடுவோமா? அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோறோம்மா."

"டேய் வேணு! அந்தக் கல்லை உருவாதடா! அதுலதான் மொத்தப் பாலமும்—"

"பயப்படாதீங்கம்மா. உங்க பேருக்கு ஒரு சேதாரமும் வராது."

வரவில்லை. ஐந்து வளைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடையில் விழுந்து முடிந்தபோது, அவள் பெயர் பளுதூக்கியின் கொக்கியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அந்தக் கல் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. 'யாழரசி – வேணு: பண்டைய மரபின் கடைசித் தம்பதி' என்கிறது பலகை. எந்தப் பாலத்துக் கல் என்று அதில் இல்லை. பார்க்க வருகிறவர்களும் கேட்பதில்லை. தங்கள் பெயரை எங்கே கீறலாம் என்றுதான் கேட்கிறார்கள்.