முப்பத்து மூன்று எழுத்துக்கு ஒரு கொலை

போன் அடித்தபோது டாக்டர் சிந்து தன் மயிலாப்பூர் கிளினிக்கில் இருந்தாள்.

"இன்ஸ்பெக்டர் தேவானை பேசறேன். டாக்டர் சாய்நாத்தைத் தெரியுமா?"

"ஜார்ஜியாவுல என்னோட எம்.பி.பி.எஸ். படிச்சவன். ஏன் மேடம்?"

"அடையாறு ஃப்ளாட்ல செத்துக் கிடக்கறார். காபியில விஷம். ஸ்டேஷனுக்கு வாங்க."

தி.நகரில் ஃபான்ட் டிசைனராக, கம்ப்யூட்டருக்கு எழுத்துரு வடிவமைப்பவனாக இருக்கும் கணவன் அஸ்வத்துக்குத் தகவல் சொன்னாள். அவள் போய்ச் சேரும் முன்பே அவன் லேப்டாப் பையும் கையுமாக ஸ்டேஷனில் நின்றான்.

"பயப்படாதே. நான் இருக்கேனோல்லியோ?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

தேவானை ஒரு கடிதத்தை நீட்டினாள். வளைந்து வளைந்து ஓடும் ஜார்ஜிய எழுத்து.

"செத்தவரோட டிராயர்ல இருந்துச்சு. ஆள் வெச்சுப் படிச்சோம். ஒரு பக்கம் பூரா இதான்: 'நம்ம விஷயத்தை என் புருஷன்கிட்ட சொன்னா உன்னைக் கொன்னுடுவேன்.' கீழே உங்க பேரு."

சிந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"இது என் கையெழுத்துதான். ஆனா நான் எழுதலை."

"எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க."

இதோடு ஜெயில்தானா...?

மறுபடி பார்த்தாள். ஒரு எழுத்தின் வால் உடைந்திருந்தது, பேனாவில் மை ஒரு நொடி நின்ற மாதிரி. அடுத்த வரியிலும் அதே எழுத்து, அதே உடைப்பு. எண்ணினாள். பதினேழு தடவை!

எந்தப் பேனாவும் பதினேழு தடவை ஒரே இடத்தில் மக்கர் பண்ணாது.

போன மாசம்... சாப்பாட்டு மேஜை... அஸ்வத்தின் கெஞ்சல்...

'ஜார்ஜிய எழுத்து முப்பத்து மூணும் வர்ற மாதிரி ஒரே ஒரு வாக்கியம் எழுதித் தாயேன். உன் கையெழுத்தை ஃபான்ட்டா பண்றேன். நம்ம கல்யாண நாளுக்கு.'

அழகாக, நிதானமாக, ஆசை ஆசையாக எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த ஃபான்ட்தான் இந்தக் கடிதம்.

"மேடம், ஒரு பேப்பர் குடுங்க. இதையே உங்க எதிர்ல எழுதறேன்."

எழுதினாள். ஒரே கிறுக்கல். ஒரு எழுத்து இரண்டாம் முறை வந்தபோது முதல் முறை போல இல்லை.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள் தேவானை. சிந்து உடைந்த வால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, ஃபான்ட் கதையையும் சொன்னாள். பாஷை தெரியாதவன்கூட கூகுளில் மொழிபெயர்த்து, அந்த ஃபான்ட்டில் அச்சடித்துவிடலாம் என்றாள்.

"சார்... அந்த லேப்டாப் பையை இப்படி வைங்க" என்றாள் தேவானை, அஸ்வத்திடம்.

சிந்துவின் கையிலிருந்து அஸ்வத்தின் கை நழுவியது.

"ஏன் அஸ்வத்?"

"நீயும் சாய்நாத்தும் என் எதிர்லயே அந்த பாஷைல பேசிச் சிரிச்சிண்டிருந்தேள். எனக்கு ஒரு வார்த்தை புரியலை."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, பாவி..."

அவள் அடக்கமாட்டாமல் அழுதாள். பழைய சிநேகிதனைக் கொன்றதும் இவன், அந்தப் பழியை அவள் கையெழுத்திலேயே அவள் தலையில் கட்டியதும் இவன்.

தேவானை கடிதத்தை உறைக்குள் போட்டாள்.

"ஒரு டாக்டரோட எழுத்து இவ்ளோ தெளிவா இருந்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நிஜமாவே நீங்க எழுதியிருந்தா, படிக்கறதுக்கு மெடிக்கல் ஷாப்காரரைத்தான் கூப்பிட்டிருப்போம்."