ஏழு மணிக் கட்டம்

ஆறு மணிக்கு அவள் தொட்ட மணிக்கட்டு குளிர்ந்து கிடந்தது. நாடி மட்டும் எழுபத்தெட்டு துடித்தது.

முப்பத்து நான்கு படுக்கைக்கு இரண்டே சிஸ்டர்கள் என்ற வார்டில் பன்னிரண்டு வருடம் ஓடியவள் அவள். தொட்ட பிணங்களுக்குக் கணக்கில்லை. மருந்தும் வியர்வையும் புளித்த வாடை திரைக்குள் தேங்கி நிற்க, தலைக்கு மேல் குழாய் விளக்கு விடாமல் இரைய, காலையில் ஆபரேஷன் முடிந்து வந்திருந்த தையல்காரரின் முகத்தருகே குனிந்தாள். உதடு நீலம். தாடை இறுகியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. மனிதர் போய் இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும்.

பிரஷர் பட்டையைச் சுற்றினாள். நூற்று இருபது, எண்பது. சார்ட்டில் இருந்த அதே எண்.

அதை எழுதியவளே அவள்தான், மதியம் இரண்டு மணிக்கு. மணிக்கொன்றாக மூன்று முதல் ஏழு வரை ஐந்து கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பியிருந்தாள். "ஷீட் காலியா இருந்தா என்னைத்தான் குடைவாங்க. ஆபரேஷன் முடிஞ்சு நல்லாத்தானே இருக்காரு, போட்டு வைம்மா," என்பார் பெரிய சிஸ்டர். எல்லாரும் செய்வதுதான். நான்கு மணிக்குத் தையல்காரர் மணியடித்தார். அவள் வேறொரு படுக்கையில் இரத்தக் கசிவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இவருக்குத்தான் எல்லாம் எழுதியாயிற்றே என்று மணியை அணைத்தாள். ஐந்துக்கு அவர் மகள் போன் செய்தபோதும், "இப்பதான் பாத்தேன், நல்லா இருக்காரும்மா," என்றாள். வாய் கூசவில்லை.

பெரிய சிஸ்டர் திரையை விலக்கினார். பிரஷர் மெஷினைப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார். ஆளைப் பார்க்கவில்லை.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அக்கா, ஒரு தடவ தொட்டுப் பாருங்க."

"எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு." போய்விட்டார்.

ஏழு மணிக் கட்டத்தில் அவள் எழுதியிருந்தது: ‘விழித்திருக்கிறார். தண்ணீர் குடித்தார். செவிலியர் அருகில் இருக்கிறார்.’

அடித்துவிடலாம். ஒரு கோடு போதும், அவள் எழுத்தில் மாட்டிக்கிடக்கும் அந்த மனிதரை நிம்மதியாகப் போகவிடலாம். ஆனால் அடித்தால் மற்ற நான்கும் பொய்யென்று ஆகும். வேலை போகும், போலீஸ் வரும். பேனா முனை காகிதத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மூடியைப் போட்டுவிட்டாள்.

ஏழு.

இமைகள் திறந்தன. கண்ணில் பளபளப்பே இல்லை. ஓடத்தான் நினைத்தாள், கால்கள் கட்டிலருகே வந்தன. அவள் கையே டம்ளரை எடுத்தது. தாடை கடக்கென்று பிளந்தது. தண்ணீர் உள்ளே போனது. விழுங்கும் சத்தம் இல்லை. கடைவாயில் வழிந்தது. பிறகு விரல்கள். அவள் மணிக்கட்டில். ஊசி பிடித்துக் காய்த்த விரல்கள்.

தாளில் ஏழுக்குப் பிறகு கட்டம் இல்லை. அதை மட்டும் நம்பிக் கைக்கடிகாரத்தையே பார்த்திருந்தாள். ஏழு ஐம்பது. ஐம்பத்தைந்து. பிடி தளர்ந்தது. ஒரு விரல். இன்னொரு விரல்.

வெளியே செருப்புச் சத்தம். திரைக்குள் பெரிய சிஸ்டரின் கை மட்டும் நீண்டு, கால்மாட்டில் ஒரு புதுத் தாளை மாட்டியது.

"நைட்டுக்கு ஆள் வரல, நீதான் பாத்துக்கணும். காலைல ஏழு வரைக்கும் எல்லாக் கட்டத்தையும் நானே போட்டுட்டேன். நீ கடைசியா எழுதினதையே அப்படியே எழுதிட்டேன், வம்பே இல்ல."

எட்டு.

விரல்கள் மறுபடி இறுகின. தையல்காரர் தண்ணீருக்கு வாயைத் திறந்தார்.